இறால் வளர்ப்பில் பாக்டீரியா நோய்களும் மூலிகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறால் வளர்ப்போரிடையே மூலிகையைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப எழும் ஐயங்கள் சிலவே. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தொடக்கக் கேள்விகள் எளியவை. பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. இறாலுக்குப் பாக்டீரியா நோய் என்றால் எதைச் சொல்கிறோம்?

பெரும்பாலும் விப்ரியோ இனப் பாக்டீரியாக்களால் வருவதையே. ஹார்வேயி, பாரஹீமோலிட்டிகஸ், ஆல்ஜினோலிட்டிகஸ், கேம்பெல்லி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவை உப்புநீரில் இயல்பாகவே வாழ்பவை. நல்ல குளத்திலும் இருக்கும், நலமான இறாலின் குடலிலும் இருக்கும். ஆகவே "விப்ரியோவே இல்லாத குளம்" என்ற இலக்கு நடைமுறைக்கு ஒவ்வாதது. அவற்றின் எண்ணிக்கை பெருகுவதும், நச்சு சுரக்கும் வகை தலைதூக்குவதும், இறால் தளர்ந்திருப்பதும் ஒன்றுசேரும்போதுதான் நோய் வருகிறது.

குஞ்சு பொரிப்பகங்களில் இரவில் தொட்டி மின்னும் ஒளிரும் விப்ரியோ நோய், குளங்களில் ஓடு கறுத்துப் புண்ணாதல், நாள்தோறும் சிறிது சிறிதாகச் சாகும் தொடர் இறப்பு எனப் பல வடிவங்களில் இது வெளிப்படும். இவற்றுள் கொடியது கடும் கல்லீரல்–கணைய அழுகல் நோய். 2009 வாக்கில் சீனாவில் முதலில் தென்பட்ட இந்நோய், இருப்பு செய்த (குளத்தில் குஞ்சு விட்ட) முதல் 35 நாட்களுக்குள்ளேயே குளத்தைக் காலி செய்வதால் 'இளம்பருவ இறப்பு நோய்' என்றும் பெயர் பெற்றது. பாரஹீமோலிட்டிகஸின் ஒரு வகையே இதற்குக் காரணம் என்பது 2013இல் உறுதியானது. அந்த வகை பிர்-ஏ, பிர்-பி என்னும் இரட்டை நச்சுப் புரதங்களைச் சுரக்கிறது. இந்தச் செய்தியைப் பத்தாம் கேள்வி வரை நினைவில் வைத்திருங்கள்.

2. வெண்புள்ளி நோய்க்கும் வெள்ளைக் கழிச்சலுக்கும் இதே மூலிகைதானே?

வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. அதற்கு இந்தப் பக்கத்தில் சொல்லும் எதுவும் மருந்து அல்ல. அறுகம்புல் சாற்றை வெண்புள்ளி வைரஸுக்கு எதிராகச் சோதித்த ஆய்வுகள் உண்டு. ஆனால் ஆய்வகத் தொட்டியில் கண்ட பலன் குளத்தில் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளைக் கழிச்சல் இன்னும் சிக்கலானது. அதில் பெரும்பாலும் ஈ.எச்.பி. என்னும் நுண்பூஞ்சை ஒட்டுண்ணியும் விப்ரியோவும் சேர்ந்தே காணப்படுகின்றன. விப்ரியோவைக் குறைத்தால் கழிச்சல் சற்றுத் தணியலாம். ஒட்டுண்ணி உள்ளேயே இருந்து வளர்ச்சியைத் தடுத்துக்கொண்டிருக்கும். இறாலைச் சோதனைக்கு அனுப்பி நோய் இன்னதென்று அறியாமல் மூலிகை வாங்குவது வீண்செலவு.

3. மூலிகை கிருமியைக் கொல்கிறதா, இறாலுக்குப் பலம் கொடுக்கிறதா?

மூன்று வழிகளில் வேலை செய்யலாம்; எந்தச் செடி எந்த வழியில் என்பதைப் பிரித்தறிவதே இந்த விஷயத்தில் பாதி வேலை. முதலாவது, நேரடியாகக் கொல்வது: பூண்டின் அல்லிசின், ஓமத்தின் தைமால், கிராம்பு, துளசி ஆகியவற்றின் யூஜினால் போன்றவை பாக்டீரியாவின் சவ்வையோ நொதிகளையோ தாக்குகின்றன. இரண்டாவது, இறாலின் தற்காப்பைத் தூண்டுவது. அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

மூன்றாவது வழி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அதுவே. விப்ரியோக்கள் சிறு வேதிப்பொருள்களை வெளியிட்டு, தங்கள் கூட்டம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதை ஒன்றுக்கொன்று உணர்த்திக்கொள்கின்றன. கூட்டம் போதுமான அளவு சேர்ந்த பிறகே ஒளிர்வதும், தாக்குவதற்கான பொருள்களைச் சுரப்பதும் முழுவீச்சில் தொடங்கும். இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, கிருமியைக் கொல்லத் தேவைப்படுவதைவிடக் குறைந்த செறிவிலேயே இந்த உரையாடலைக் குலைப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. கிருமி உயிரோடு இருக்கும், ஆனால் அதன் வீரியம் மட்டுப்படும். கொல்லும் செறிவைக் குளத்தில் எட்டுவது எவ்வளவு கடினம் என்பதை ஆறாம் கேள்வியில் பார்த்தால், குறைந்த செறிவில் பலன் தரும் வழி ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

4. மூலிகை கொடுத்தால் தடுப்பூசி போட்டதுபோல் எதிர்ப்பு சக்தி ஏறுமா?

தடுப்பூசி போல ஏறாது. நம் உடலும் மீனின் உடலும் செய்வதுபோல் ஒரு குறிப்பிட்ட கிருமிக்கென எதிர்ப்பொருள் உண்டாக்கி, அதை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இறாலுக்கு இல்லை. அதற்கு இருப்பது பொதுவான தற்காப்பு மட்டுமே: கிருமியை விழுங்கும் இரத்த அணுக்கள், புண்ணைக் கறுக்கச் செய்து கிருமியை அடைத்துவிடும் நொதி வரிசை, கிருமியைக் கொல்லும் சிறு புரதங்கள்.

நிலவேம்பு, சீந்தில், அமுக்கரா, மஞ்சள் முதலியவற்றைத் தீவனத்தில் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் நொதிகளின் செயல்பாடும் உயர்வதைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். அந்த உயர்வு சில நாட்களோ வாரங்களோ நிற்கும், பிறகு வடிந்துவிடும்.

5. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்தச் செடி நல்லது?

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் பூண்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம் அதன் வீரியம் மட்டுமல்ல. மணத்தால் இறால் தீவனத்தை விரும்பி எடுக்கும் என்பதும்தான். ஆனால் முழுப்பல்லில் அல்லிசின் கிடையாது. பல்லை நசுக்கும்போது அதிலுள்ள அல்லீன் என்னும் பொருளும் ஒரு நொதியும் சந்தித்த பிறகே அது உண்டாகிறது. உரித்த பல்லை அப்படியே கொதிநீரில் போட்டால் அந்த நொதி செத்துவிடும். பிறகு எவ்வளவு அரைத்தாலும் பயனில்லை. நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, சூடுபடுத்தாமல் தீவனத்தில் சேர்த்து, அன்றைக்கே பயன்படுத்துவதுதான் முறை. அல்லிசின் நிலையற்றது என்பதால், நேற்று அரைத்த விழுதில் நாற்றம் மிஞ்சியிருக்கும், வீரியம் குறைந்திருக்கும்.

மஞ்சளின் சிக்கல் வேறு. குர்குமின் நீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பதைவிட, மீனெண்ணெயில் குழைத்துத் தீவனத்தின்மேல் பூசுவது பொருத்தம். கொய்யா இலையை ஒளிரும் விப்ரியோவுக்கு எதிராகப் பலர் சோதித்து நல்ல விளைவு கண்டிருக்கிறார்கள். அதன் ஃபிளேவனாய்டுகளும் டானின்களும் வெந்நீர்ச் சாற்றிலேயே கணிசமாக இறங்கிவிடுகின்றன. ஆனால் டானின் புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைக் கெடுக்கும் தன்மையது; கடுக்காய்க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும், அதில் டானின் இன்னும் அதிகம். நிலவேம்பு கசப்பு. அளவு கூடினால் இறால் தீவனத்தை ஒதுக்கும், செக் ட்ரேயில் (தீனி எடுப்பதைப் பார்க்கக் குளத்தில் இறக்கிவைக்கும் தட்டில்) மிச்சம் நின்றுவிடும்.

6. இலையை அரைத்து நேராகக் குளத்தில் கரைத்துவிட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 எக்டர் குளத்தில் 1.2 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது 12,000 கன மீட்டர், அதாவது 1 கோடியே 20 லட்சம் லிட்டர். ஒரு செடியின் சாறு, ஆய்வகத்தில் 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவில் விப்ரியோவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று கொள்வோம். சுத்திகரிக்காத சாறுகளுக்கு இது அரிதான எண் அல்ல. அந்தச் செறிவைக் குளத்தில் எட்ட 12 டன் உலர்சாறு வேண்டும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைக்கும் என்றால் 120 டன் இலை.

வாளிக்கணக்கில் கரைப்பவர்கள் இந்தச் செறிவின் அருகில்கூடப் போவதில்லை. அதேசமயம் அந்த இலைக்குழம்பு அடியில் படிந்து அழுகி, விடியற்காலையில் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும். அந்த அழுகலே விப்ரியோவுக்கு உணவாகும். குளத்தில் கரைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. குஞ்சு பொரிப்பகத்தின் சிறு தொட்டிகள் வேறு கதை; அது பதின்மூன்றாம் கேள்வியில்.

7. அப்படியானால் தீவனத்தில் எப்படிக் கலப்பது?

நிழலில் உலர்த்தி, நன்றாகப் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்த தூள் என்றால் 1 கிலோ தீவனத்துக்கு 5 முதல் 20 கிராம் வரை என்பதே சோதனைகளிலும் பண்ணைகளிலும் பொதுவாகப் புழங்கும் வரம்பு. செறிவூட்டிய சாறானால் இதைவிட மிகக் குறைவாகவே போட வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, செக் ட்ரேயில் தீவனம் முன்போலவே தீர்கிறதா என்று பார்த்து ஏற்றிக்கொள்ளலாம். தூளை மீனெண்ணெயிலோ பிசின் கரைசலிலோ குழைத்து, குருணையின்மேல் சீராகப் பூசி, அரைமணி நேரமாவது நிழலில் உலரவிட வேண்டும்.

இறால் மீனைப்போல் தீவனத்தை ஒரே வாயில் விழுங்குவதில்லை. கால்களால் பிடித்துக் கொறித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் பூச்சு கரைந்து போய்விடக்கூடும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை எடுத்து, மஞ்சள் பூசிய குருணை பத்துப் பன்னிரண்டைப் போட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடத்துக்குள் நீர் மஞ்சளாகக் கலங்கிவிட்டால் மருந்து இறாலுக்குப் போகாமல் குளத்துக்குத்தான் போகிறது. பிசினை மாற்றுங்கள், அல்லது உலர்த்தும் நேரத்தைக் கூட்டுங்கள்.

8. அறுவடை வரை விடாமல் கொடுக்கலாமா?

வேண்டாம். தற்காப்பைத் தூண்டும் பொருளை இடைவிடாமல் கொடுத்தால் அந்தத் தூண்டலுக்கு இறால் பழகிப்போய், பலன் தேய்கிறது. தற்காப்புக்குச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சியிலிருந்தே கழிகிறது என்பதும் உண்டு. ஒன்றிரண்டு வாரம் கொடுத்து, அதே அளவு இடைவெளி விட்டு, மறுபடி கொடுப்பதே பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அந்த வாரங்களை நோய் வாய்ப்பு கூடும் காலத்தோடு பொருத்துவது அறிவுடைமை: இருப்பு செய்த முதல் மாதம், வெப்பநிலையும் உப்புத்தன்மையும் திடீரென மாறும் நாட்கள், பெருமழைக்கு முன்னும் பின்னும்.

9. வேப்பிலை எல்லாக் கிருமியையும் கொல்லுமே, இறாலுக்கும் போடலாம்தானே?

இதுதான் எனக்கு அச்சமூட்டும் கேள்வி. வேம்பின் அசாடிராக்டின் பூச்சிகளைக் கொல்வதற்கு முக்கியக் காரணம், அவை தோலுரிப்பதற்கான ஹார்மோன் ஏற்பாட்டை அது குலைப்பதே. இறாலும் பூச்சிகளும் கணுக்காலிகள். இறாலும் அதே வகை ஹார்மோனின் ஆணையில்தான் ஓடு உரித்து வளர்கிறது. வேம்பு சார்ந்த பூச்சிமருந்துகள் நீர்வாழ் ஓட்டுயிரிகளுக்கு நஞ்சாகின்றன என்பது அறிந்த செய்தி. இறாலுக்கு இரையாகும் நுண்விலங்குகளும் அவற்றுள் அடங்கும்.

இலையைவிட விதையிலும் எண்ணெயிலும் அசாடிராக்டின் அதிகம். ஆகவே வேப்பெண்ணெயையும் வேப்பம்புண்ணாக்கையும் இறால் இருக்கும் குளத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம். "செடிதானே, என்ன செய்துவிடும்" என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: இருப்பு செய்வதற்கு முன் குளத்து மீன்களைக் கொல்ல நாம் போடும் இலுப்பைப் புண்ணாக்கும் தேயிலை விதைப் புண்ணாக்கும் செடியிலிருந்து வந்தவையே.

10. இறால் சாகத் தொடங்கிவிட்டது. இப்போது மூலிகை கொடுத்தால் பிழைக்குமா?

பெரும்பாலும் இல்லை. நோயுற்ற இறால் முதலில் நிறுத்துவது தீனியைத்தான். செக் ட்ரேயிலுள்ள இறாலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், முதுகோரம் ஓடும் குடல் கறுப்பு நூல்போல் நிறைந்திருக்க வேண்டும். அது காலியாகவோ விட்டுவிட்டோ தெரிந்தால் அந்த இறாலின் வயிற்றுக்குள் உங்கள் மருந்து போகவில்லை என்று பொருள். நன்றாக இருக்கும் இறால்தான் மருந்துத் தீவனத்தைத் தின்கிறது. அதனால் நோய் பரவாமல் தடுப்பதில் சிறு பங்கு இருக்கலாம். நோயுற்றதை மீட்பது அரிது.

முதல் கேள்வியில் சொன்ன நச்சு இங்கேதான் குறுக்கே வருகிறது. கல்லீரல்–கணையத்தின் உயிரணுக்களை உதிர்ப்பது பாக்டீரியா சுரந்த புரதம். அந்த உறுப்பு வெளிறிச் சுருங்கிய பிறகு பாக்டீரியாவைக் கொன்றாலும் உதிர்ந்தவை திரும்பி வந்து ஒட்டிக்கொள்வதில்லை. இறப்பு தொடங்கிய குளத்தில் முதலில் செய்ய வேண்டியவை: தீவனத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்தல், ஏரேட்டர்களை முழுநேரமும் ஓட்டுதல், செத்த இறாலை உடனுக்குடன் அகற்றுதல், அடிச்சேற்றை வெளியேற்றுதல், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புதல். அந்தக் குளத்து நீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடக் கூடாது.

11. புரோபயாடிக்கும் மூலிகையும் ஒன்றாகப் போடலாமா?

ஒரே வேளைத் தீவனத்தில் வேண்டாம். நாம் போடும் புரோபயாடிக்குகளில் (நன்மை செய்யும் உயிர்ப் பாக்டீரியாக்களில்) பெரும்பாலானவை பாசில்லஸ் இனம். அவை கிராம்-பாசிட்டிவ் வகை. விப்ரியோவோ கிராம்-நெகட்டிவ், அதற்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு. செடிகளின் வாசனை எண்ணெய்கள் பலவற்றை அந்தச் சவ்வு தடுத்து நிறுத்துவதால், பொதுவாக முதலில் அடிபடுவது கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாதான். எதிரிக்கு வைத்த மருந்தில் நம் ஆள் முதலில் வீழ்வான்.

காலை வேளையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று பிரிக்கலாம். மூலிகை வாரம் முடிந்தபின் புரோபயாடிக் வாரம் என்று மாற்றிமாற்றிக் கொடுப்பது அதைவிட மேல்.

12. ஆய்வக அறிக்கையில் "18 மில்லிமீட்டர் தடுப்பு வளையம்" என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

சாறு வைத்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத இடமே அந்த வளையம். அது சொல்வது ஒன்றே: தட்டிலிருந்த ஊடகத்தில், அந்தச் சாற்றின் அந்த அளவு, சோதித்த கிருமியை அவ்வளவு தூரம் வளரவிடவில்லை. நீரில் எளிதாகப் பரவும் பொருள் பெரிய வளையம் காட்டும். குர்குமின் போல் பரவாத பொருள் வீரியம் இருந்தும் சிறிய வளையமே காட்டும். சாறு எடுத்த ஆல்கஹாலே கிருமியைக் கொன்றிருக்கவும் கூடும். ஆல்கஹாலை மட்டும் வைத்த ஒப்பீட்டு வில்லை அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விப்ரியோவை வளர்த்து எண்ணப் பயன்படும் டி.சி.பி.எஸ். ஊடகத் தட்டில் பச்சை நிறக் கிருமிக் கூட்டங்கள் குறைந்து மஞ்சள் கூடிவிட்டது என்று மகிழ்பவர்களுக்கும் ஒரு சொல். பாரஹீமோலிட்டிகஸ் பச்சையாகவும் ஆல்ஜினோலிட்டிகஸ் மஞ்சளாகவும் வளர்வது மெய். அந்த நிறம் கிருமி சுக்ரோஸைப் புளிக்க வைக்கிறதா என்பதைத்தான் காட்டுகிறது, நச்சுத்தன்மையை அல்ல. மஞ்சளிலும் நோய் தருபவை உண்டு.

13. குஞ்சு பொரிப்பகத்தில் மூலிகை உதவுமா?

குளத்தைவிட அங்கேதான் வாய்ப்பு அதிகம். நீரின் அளவு சிறிது, கட்டுப்பாடு நம் கையில். குஞ்சுக்கு உயிருணவாகும் ஆர்ட்டீமியா என்னும் சிறு ஓட்டுயிரிக்கு மூலிகைச் சாற்றை ஊட்டி, அதை இறால் குஞ்சுக்கு உணவாகக் கொடுக்கும் முறை நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று. ஆனால் பொரித்தவுடன் உள்ள ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது; 8 முதல் 12 மணி நேரம் கழித்து அடுத்த நிலையை அடைந்த பிறகே அது எதையும் உட்கொள்ளும். அதற்கு முன் சாற்றில் ஊறவைப்பது வீண். ஊட்டியபின் நன்றாகக் கழுவிக் கொடுங்கள். ஆர்ட்டீமியா கழுவப்படாமல் வருவதே பல தொட்டிகளுக்கு விப்ரியோ நுழையும் வாசல்.

14. பாக்கெட்டில் வரும் "முழுக்க முழுக்க மூலிகை" தயாரிப்பை நம்பலாமா?

செடியின் பெயர், எந்தப் பாகம், எவ்வளவு, எப்போது தயாரித்தது ஆகிய நான்கும் உறையில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். "அரிய மூலிகைகளின் கலவை" என்பது தகவல் அல்ல. சரியாக உலர்த்தாத தூளில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் உண்டாகும். அது தாக்குவதும் கல்லீரல்–கணையத்தையே. மஞ்சள்தூளுக்கு நிறமூட்ட ஈய குரோமேட் கலக்கும் மோசடியும் அறியப்பட்டதே. போட்ட மறுநாளே கண்கூடாகப் பலன் தரும் "மூலிகை" மருந்தைக் கண்டு மகிழாமல் ஐயப்படுங்கள்: உள்ளே சொல்லாமல் ஆன்டிபயாடிக் சேர்த்திருக்கலாம்.

15. மூலிகைக்குக் கிருமி பழகிப்போகாதா?

பழகலாம். சாற்றில் பல பொருள்கள் பல இடங்களில் தாக்குவதால், ஒற்றை ஆன்டிபயாடிக்கைவிட எதிர்ப்புத்திறன் மெல்ல வளரும் என்று எதிர்பார்க்கலாம். தைமால் போன்ற ஒற்றைப் பொருளைப் பிரித்தெடுத்துக் குறைந்த அளவில் நெடுநாள் கொடுத்தால் அந்த அனுகூலம் போய்விடும். எட்டாம் கேள்வியில் சொன்ன இடைவெளி இதற்கும் உதவும்.

16. என் குளத்தில் பலன் கிடைத்தது மூலிகையால்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூலிகை போடாத குளம் ஒன்றை அருகிலேயே வைத்திருந்தால் மட்டுமே தெரியும். இரண்டிலும் ஒரே தொகுதிக் குஞ்சு, ஒரே நெருக்கம், ஒரே தீவனம் இருக்க வேண்டும். பிசினும் எண்ணெயும் பூசிய, மூலிகை மட்டும் இல்லாத தீவனத்தை ஒப்பீட்டுக் குளத்துக்குக் கொடுக்க வேண்டும். பிழைப்பு விகிதம், வாராந்தர எடை, தீவன மாற்று விகிதம் (1 கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்பது) மூன்றையும் குறித்துவையுங்கள். ஒரு பருவத்து வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். மறு பருவத்தில் குளங்களை மாற்றிச் செய்து அதே விளைவு வந்தால் நம்பத் தொடங்கலாம்.

17. ஆன்டிபயாடிக் கையால்கூடத் தொடவில்லை, மூலிகை மட்டுமே கொடுத்தேன். ஏற்றுமதிச் சோதனையில் எச்சம் இருப்பதாக வந்துவிட்டது. எப்படி?

மூன்று சாத்தியங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பதினான்காம் கேள்வியில் சொன்ன கலப்படம். இதையே முதலில் ஐயப்படுங்கள். இரண்டாவது சற்று வியப்பானது. குளோரம்ஃபெனிக்கால் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்தை முதன்முதலில் தந்ததே மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாதான். சில மூலிகைகளிலும் புல்வகைகளிலும் இது இயற்கையாகவே மிகச் சிறு அளவில் இருப்பதை 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் நடவடிக்கை எடுக்கும் அளவு 1 கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். அவ்வளவு நுண்ணிய எல்லைக்கு முன் இத்தகைய சுவடும் கவனிக்கத்தக்கதே.

மூன்றாவது நைட்ரோஃபியூரான் என்னும் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் வகை பற்றியது. அவ்வகையைச் சேர்ந்த நைட்ரோஃபியூரசோனின் அடையாளமாகத் தேடப்படும் செமிகார்பசைடு, ஓட்டுயிரிகளின் ஓட்டில் மருந்தே இல்லாமலும் காணப்படுகிறது. ஆகவே மாதிரி ஓட்டோடு சோதிக்கப்பட்டதா, ஓடு நீக்கிய சதையில் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மூலிகையைப் பொறுத்தவரை செய்யக்கூடியது இதுதான்: ஒவ்வொரு தொகுதித் தூளையும் தீவனத்தில் கலப்பதற்கு முன்பே எச்சச் சோதனைக்கு அனுப்பி, அதில் ஒரு கைப்பிடியைத் தேதியிட்டு மூடி, அந்த அறுவடைக்கான சோதனை முடிவு வரும்வரை பத்திரப்படுத்தி வையுங்கள்.